கோப்பையைக் கவிழ்த்துப் பாருங்கள்

பீங்கான் என்னும் சொல் தமிழன்று, பாரசீகத்திலிருந்து வந்தது. ஏலம் என்பதும் தமிழன்று. போர்ச்சுகீசியரின் ‘லெய்லாம்’ என்ற சொல்லின் மருவல் அது. அந்தப் போர்ச்சுகீசியச் சொல்லோ, ‘அறிவித்தல்’ எனப் பொருள்படும் ‘அல்-இஃலாம்’ என்ற அரபிச் சொல்லிலிருந்து பிறந்ததென்பர் மொழிநூலார். ஆக, பழைய பீங்கானை ஏலத்தில் எடுப்பது பற்றி எழுதப் புகுந்தால், அதற்கு வேண்டிய இரு சொற்களுமே கடல் கடந்து வந்து நம் கரையில் இறங்கியவையாக இருக்கின்றன. பழவேற்காட்டுக் கரையில் நின்று பார்ப்பவர்க்கு இதில் வியப்பொன்றும் தோன்றாது.

பொன்னேரி வட்டத்து மக்களுக்குப் பழவேற்காடு இன்று மீனும் இறாலும் வரும் ஏரிக்கரை. ஆனால் 1613 இல் டச்சுக்காரர் கெல்டிரியா கோட்டையைக் கட்டியபோது சோழமண்டலக் கரையில் அவர்களுடைய தலைமையிடம் இதுவே. 1690 இல் நாகப்பட்டினத்திற்கு மாற்றும்வரை அப்படியே இருந்தது. இங்கிருந்து துணி பட்டேவியாவுக்குப் போயிற்று; அங்கிருந்து நறுமணப் பொருள்கள் வந்தன. அதே டச்சுக் கம்பெனியின் கப்பல்களில்தான் சீனத்து நீலப் பூவேலைப் பீங்கானும் உலகெங்கும் பயணம் செய்தது.

அந்தப் பயணத்தின் தொடக்கத்திலேயே ஓர் ஏலம் இருக்கிறது. 1603 இல் சிங்கப்பூருக்கு அருகே ‘சாந்தா கத்தரீனா’ என்னும் போர்ச்சுகீசியக் கப்பலை டச்சுக்காரர் கைப்பற்றினர். அதிலிருந்த பீங்கானும் பட்டும் 1604 இல் ஆம்ஸ்டர்டாமில் ஏலம் விடப்பட்டன. ஐரோப்பியச் செல்வர்களைச் சீனப் பீங்கான் ஆசை பற்றிக்கொண்டதில் அந்த ஏலத்திற்குப் பெரும் பங்குண்டு. கொள்ளையிட்ட பொருளை விற்ற பணத்தைக் குறித்து ஹாலந்திலேயே மார்க்க வாதம் எழுந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். 1752 இல் மூழ்கிய ‘கெல்டர்மால்சன்’ என்ற மற்றொரு டச்சுக் கப்பலின் பீங்கான், ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் உருப்படிகள், 1986 இல் அதே ஆம்ஸ்டர்டாமில் கிறிஸ்டி நிறுவனத்தாரால் ஏலம் விடப்பட்டன. இருநூற்று முப்பது ஆண்டுகளுக்கு மேல் கடலடியில் கிடந்தும் கோப்பைகள் பளபளப்போடு வந்தன. பீங்கான் பெட்டிகளின் மேல் அடுக்கியிருந்த தேயிலையே அவற்றைக் காத்ததாம்.

ஆங்கிலேயர் பீங்கானுக்கு வந்த வழி வேறு. 1784 இல் பிரிட்டன் தேயிலை வரியை நூற்றுப்பத்தொன்பது சதவீதத்திலிருந்து பன்னிரண்டரையாகக் குறைத்தது. ஏழை வீட்டிலும் தேநீர் நுழைந்தது. கோப்பைக்குத் தேவை பெருகிற்று. 1791 இல் கிழக்கிந்தியக் கம்பெனி சீனப் பீங்கானை மொத்தமாக இறக்குமதி செய்வதை நிறுத்திக்கொண்டது. அந்த வெற்றிடத்தை நிரப்பியவை ஸ்டாஃபோர்ட்ஷையர் மாவட்டத்துச் சூளைகள். ஜோசையா வெட்ஜ்வுட் முன்பே தம் வெண்மஞ்சள் நிறக் கலங்களை அரசியின் மேசைவரை கொண்டு சேர்த்திருந்தார். ஸ்போட் குடும்பத்தார் எலும்புச் சாம்பல் கலந்த ‘போன் சைனா’வைச் செம்மைப்படுத்தினர். மரமும் பாலமும் இரு பறவைகளும் கொண்ட நீலச் சித்திரத் தட்டை நம்மில் பலர் பார்த்திருப்போம். ‘வில்லோ’ என்று பெயர். அதைச் சீனச் சித்திரம் என்றே பலரும் எண்ணுகின்றனர். உண்மையில் இங்கிலாந்தில் வரையப்பட்டது. பறவைகளான காதலர்களின் கதையும் வியாபாரத்திற்காக அங்கே கட்டப்பட்டதே.

சென்னைப் பட்டணத்தில் வாழ்ந்த ஆங்கில அதிகாரிகள் தாயகம் திரும்பும்போதோ, இங்கேயே இறந்துபோகும்போதோ அவர்களுடைய வீட்டுச் சாமான்கள் ஏலத்திற்கு வரும். சாப்பாட்டு மேசை ஒருவருக்கு, நாற்காலிகள் வேறொருவருக்கு, தேநீர்க் கலங்கள் மற்றொருவருக்கு என்று போகும். பிற்காலத்தில் சென்னையில் மரே கம்பெனியின் ஏலம் பெயர்பெற்றிருந்தது. கல்கத்தாவில் ரஸ்ஸல் தெருவில் 1940 இல் தொடங்கிய ‘ரஸ்ஸல் எக்ஸ்சேஞ்ச்’ ஏலக்கூடத்தை ஒரு முஸ்லிம் குடும்பத்தாரே தலைமுறையாக நடத்தி வந்தனர். ஞாயிற்றுக்கிழமை ஏலத்தால் புகழ்பெற்ற அதனைப் பற்றி ஆவணப்படமும் வெளிவந்துள்ளது. ஹைதராபாத்தில் மூன்றாம் சாலார் ஜங் மீர் யூசுஃப் அலீ கான் (1889–1949) திரட்டிய பீங்கான்களை அவர் பெயரிலான அருங்காட்சியகத்தில் இன்றும் காணலாம். மணம் செய்துகொள்ளாது பொருள் சேர்ப்பதிலேயே வாழ்நாளைக் கழித்த பிரபு அவர். அது நமக்கு எட்டாத உயரம். நம் வீடுகளுக்குப் பீங்கான் வந்தது வேறு விதமாக.

ரங்கூன், பினாங்கு, கொழும்பு என்று பிழைக்கப் போன பாட்டன்மார் திரும்பும்போது பெட்டியில் கொண்டு வந்தவை அவை. வந்தபின் அவற்றுக்கு நேர்ந்த கதி சுவையானது. ஆங்கிலேயருடைய விருந்துத் தொகுதி, ஆளுக்கொரு தட்டு, தட்டுக்கொரு கோப்பை என்று பிரித்து வைப்பது. நம் விருந்தோ ஒரு சஹனைச் சுற்றிப் பலர் அமர்வது. தேயிலை, பால், சர்க்கரை மூன்றையும் ஒன்றாகக் கொதிக்கவிட்டு ஆற்றும் வீட்டில் தனியே பால் ஜாடிக்கு என்ன வேலை? ஆதலால் பால் ஜாடியில் நெய் இருக்கும். சர்க்கரைக் கிண்ணத்தில் பாக்கு இருக்கும். கோப்பைகள் மட்டும் புது மாப்பிள்ளையும் சம்பந்தியும் வரும் நாளுக்காகக் கண்ணாடி அலமாரியில் காத்திருக்கும். அவ்வாறு காத்திருந்ததாலேயே அவை பிழைத்தன.

இப்போது அவை போய்க்கொண்டிருக்கின்றன. வீட்டைப் பிரிக்கும்போதும், பழைய வீட்டை இடித்து மாடி கட்டும்போதும் அலமாரி காலியாகிறது. பழவேற்காட்டுப் பெண்மணி ஒருவர், தம் பாட்டனார் ரங்கூனிலிருந்து கொண்டுவந்த தேநீர்த் தொகுதியைத் தெருவில் வந்த பழைய சாமான்காரரிடம் கொடுத்துவிட்டு, இரண்டு பிளாஸ்டிக் குடங்களை வாங்கிக்கொண்டார். தொகுதியில் சேராதவை என்று அவர் ஒதுக்கிய இரண்டு சாஸர்கள் மட்டும் மிச்சம். மதரஸாவில் ஓதும் பேத்தி அவற்றை என்னிடம் கொண்டுவந்து காட்டினாள். அடியில் நிறுவனத்தின் முத்திரை. அதன் கீழ் ‘இங்கிலாந்து’ என்ற ஒரே சொல். குடம் கொடுத்தவர் அந்தச் சொல்லைப் படித்திருப்பார். வீட்டார் எவரும் படிக்கவில்லை.

அடியில் என்ன படிக்கலாம் என்பதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். 1890 இல் அமெரிக்கா இயற்றிய சுங்கச் சட்டம், இறக்குமதிப் பொருளில் அதனை ஆக்கிய நாட்டின் பெயர் இருக்க வேண்டுமென்றது. ஆதலால் ‘இங்கிலாந்து’ என்று பொறித்த கலம் பெரும்பாலும் 1891 க்குப் பிந்தியது. ‘இங்கிலாந்தில் செய்யப்பட்டது’ என்று முழு வாசகமும் இருந்தால் பொதுவாக இருபதாம் நூற்றாண்டினது. எழுத்துகள் சூழ்ந்த சாய்சதுர முத்திரை ஒன்று இருந்து, அதன் உச்சியில் ரோமானிய எண் நான்கு காணப்பட்டால், அந்த வடிவம் 1842 க்கும் 1883 க்கும் இடையே அரசுப் பதிவு பெற்றதென்று பொருள். மூலைகளில் உள்ள எழுத்துகளும் எண்களும் ஆண்டு, மாதம், நாள் வரை சொல்லிவிடும். 1884 முதல் சாய்சதுரம் போய் வெறும் பதிவு எண் வந்தது. ‘போன் சைனா’ என்று எழுதியே இருந்தால் அது பெரும்பாலும் இருபதாம் நூற்றாண்டுப் பொருள். வெட்ஜ்வுட் என்பதன் நடுவே ஆங்கில ‘ஈ’ எழுத்து ஒன்று கூடுதலாக இருந்தால், அது அந்தப் புகழ்பெற்ற ஜோசையாவின் சூளையிலிருந்து வந்ததன்று.

முத்திரை இல்லாதவற்றையும் தள்ளிவிட வேண்டாம். பழைய கலங்கள் பலவற்றில் முத்திரையே இராது. விளக்கின்முன் பிடித்துப் பின்னால் விரல்களை வையுங்கள். விரல் நிழல் தெரிந்தால் போன் சைனா போன்ற ஒளி ஊடுருவும் பீங்கான், தெரியாவிட்டால் பெரும்பாலும் சாதாரண மண்கலம். நகத்தால் மெல்லச் சுண்டினால் மணிபோல் நீண்டு ஒலிக்க வேண்டும். மந்தமாக ஒலித்தால் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கக் கூடும். சித்திரம் தாளிலிருந்து ஒற்றியெடுக்கப்பட்டதாயின் ஓரத்து வேலைப்பாட்டில் எங்கேனும் தாளின் இரு முனைகள் சரியாகப் பொருந்தாத கோடு தெரியும். அது குறையன்று, கைவேலையின் அடையாளம்.

விலையைப் பற்றி மயக்கம் வேண்டாம். அலமாரிக் கோப்பையை விற்று மாடி கட்ட முடியாது. மேலைநாடுகளிலேயே முழு விருந்துத் தொகுதிகளின் மதிப்புப் பெரிதும் இறங்கிவிட்டது. பொன் விளிம்புள்ள தட்டு நுண்ணலை அடுப்பிலும் பாத்திரம் கழுவும் இயந்திரத்திலும் நிற்காது. பன்னிரண்டு பேருக்கு மேசை விரிக்கும் வீடுகளும் அங்கே குறைந்துவிட்டன. முழுமையான தொகுதிக்கு ஒரு விலை, மூடி உடைந்ததற்கு வேறு விலை, ஒற்றைச் சாஸருக்கு ஏறக்குறைய ஒன்றுமில்லை. ஆயினும் முழுத் தொகுதிக்கு இரண்டு பிளாஸ்டிக் குடம் என்பது விலையன்று, அறியாமைக்கு விதித்த அபராதம்.

இந்த இடத்தில் ஹதீஸ் ஒன்று நினைவுக்கு வருகிறது. திர்மிதீயிலும் அபூதாவூதிலும் அனஸ் (ரலி) அவர்கள் வாயிலாக வருவது. வறுமையுற்ற அன்ஸாரி ஒருவரின் வீட்டிலிருந்த ஒரு விரிப்பையும் ஒரு குடிகலத்தையும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கையிலேந்தி, வாங்குவார் யார் என்று கேட்டார்கள். ஒருவர் ஒரு திர்ஹம் என்றார். அதற்கு மேல் தருவார் உண்டா என்று மீண்டும் கேட்டார்கள். வேறொருவர் இரண்டு திர்ஹம் தந்து பெற்றுக்கொண்டார். ஒரு திர்ஹம் வீட்டு உணவுக்கு, மற்றொன்று கோடரிக்கு; விறகு வெட்டி அவர் பிழைத்துக்கொண்டார். ஏல விற்பனை ஆகுமானது என்பதற்கு மார்க்க அறிஞர்கள் காட்டும் ஆதாரம் இது. ஏலத்தில் போனதும் ஒரு குடிகலமே!

அதே மார்க்கம் ‘நஜ்ஷ்’ என்பதைத் தடுத்துள்ளது. வாங்கும் எண்ணமின்றி விலையை ஏற்றிவிடுவதற்காகவே கேட்பது நஜ்ஷ். ஏலக்கூடங்களில் இதற்கென்றே ஆள் நிற்பதுண்டு. ஆகவே ஏலத்திற்குப் போகிறவர் முதல்நாளே சென்று கலங்களைக் கையிலெடுத்துப் பார்த்து, கமிஷனையும் சேர்த்துத் தம் எல்லையைத் தாளில் எழுதிக்கொண்டு, அந்த எல்லை வந்ததும் வாயை மூடிக்கொள்வது நலம். பக்கத்து நாற்காலிக்காரர் கையைத் தூக்குகிறார் என்பது பொருளின் மதிப்புக்குச் சான்றாகாது. வீடு வீடாக வாங்கிச் சேர்ப்பவர்க்கும் ஒரு சொல்: பொருளின் மதிப்பறியாத கிழவியிடம் மதிப்பறிந்தவர் வாய்மூடி வாங்குவது, ஏலக்கூடத்தில் பலர் அறிய விலை ஏறுவதைவிட எவ்வளவோ தாழ்ந்தது.

எலும்புச் சாம்பலைப் பற்றிப் பெண்கள் என்னிடம் அடிக்கடி கேட்கின்றனர். ஆங்கில முறையில் போன் சைனாவின் மண்ணில் ஏறத்தாழப் பாதி எலும்புச் சாம்பலே; பெரும்பாலும் மாட்டெலும்பு. மீதிப்பாதி வெண்களிமண்ணும் ஒருவகைக் கல்லும். ஹனஃபி மத்ஹபில் பன்றி தவிர்த்த விலங்குகளின் எலும்பு தூயது. எரிந்து உருமாறுவதும் தூய்மையாக்கும். ஷாஃபி மத்ஹபில் முறைப்படி அறுக்கப்படாததின் எலும்பு நஜீஸ். சாம்பலாவதால் அந்த நிலை மாறுவதில்லை என்பதே பெயர்பெற்ற கருத்து. நம் கடற்கரையூர்களில் இரு மத்ஹபினரும் கலந்து வாழ்வதால் அவரவர் தம் ஆலிமைக் கேட்டு நடப்பதே முறை. வெள்ளி, பொன் பாத்திரங்களில் உண்பதும் பருகுவதும் தடையென்பது யாவரும் அறிந்தது. மெல்லிய பொன் பூச்சுக்குரிய சட்டத்தில் அறிஞர்களிடையே பிரிவுகள் உண்டு. வில்லோத் தட்டுகளிற் பெரும்பாலானவற்றில் எலும்பும் இல்லை, பொன்னும் இல்லை.

பயன்படுத்துவோர் கவனிக்க வேண்டியது வேறொன்று. பழைய கலங்களின் மேற்பூச்சில் ஈயம் சேர்ந்திருக்கக் கூடும். புளிப்பு அதனைக் கரைத்தெடுக்கும். பழவேற்காட்டு மீன் குழம்புக்குப் புளி எவ்வளவு என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை! பழைய தட்டில் புளிக்குழம்போ ஊறுகாயோ எலுமிச்சைச் சாறோ வைக்க வேண்டாம். சிறு வெடிப்புகள் வலைபோல் ஓடியிருந்தால் அலமாரியிலேயே இருக்கட்டும். தட்டுகளை அடுக்கும்போது இடையிடையே துணித்துண்டு வையுங்கள். கோப்பையைக் கைப்பிடியில் தொங்கவிடாதீர்கள்.

அந்தச் சூளைகளின் இன்றைய நிலை என்ன? ஸ்போட் 2008 இலும் வெட்ஜ்வுட் 2009 இலும் கடனில் முழுகி வேறு கைகளுக்கு மாறின. வெட்ஜ்வுட் கலங்களிற் பல இந்தோனேசியாவிலிருந்து வரத் தொடங்கின. பழவேற்காட்டுத் துணி இறங்கிய பட்டேவியா அந்த நாட்டில்தான் உள்ளது. இன்று ஜகார்த்தா என்று பெயர்.

வளைகுடாவிலும் மலேசியாவிலும் இருக்கும் பிள்ளைகள் பாட்டனாரின் கோப்பையைத் தங்களோடு கொண்டுபோக விரும்புவதுண்டு. 1972 ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி நூறாண்டு கடந்த கைவினைப் பொருள்கள் தொல்பொருள் என்ற வகையுள் வரும். அவற்றைத் தனியார் நாட்டுக்கு வெளியே கொண்டு செல்ல அனுமதியில்லை. அடிமுத்திரை 1891 க்கு முந்திய காலத்தைக் காட்டினால் விமான நிலையத்தில் அது வழக்காகவே முடியக்கூடும். வீட்டிலேயே இருக்கட்டும். கொண்டு வந்தவர் பெயர், ஏறிய துறைமுகம், எந்த ஆண்டு, யாருடைய திருமணத்திற்கு முதலில் எடுத்தது என்பவற்றை வீட்டுப் பெரியவர் நினைவோடு இருக்கும்போதே ஒரு தாளில் எழுதி, நான்காய் மடித்து, தேநீர்க் குடுவைக்குள் போட்டு மூடி வையுங்கள்.