செப்புப் பரப்பும் ஈயப்பற்றும்

பழைய வால்வு வானொலிப் பெட்டியைப் பின்புறம் திறந்து பார்த்தவர்களுக்கு அதனுள் பின்னிக் கிடந்த கம்பிகள் நினைவிருக்கும். அக்கம்பிகளின் இடத்தை இன்று பலகையிற் படிந்த செப்புக் கோடுகள் பெற்றுள்ளன. வியன்னாவிற் பிறந்து இங்கிலாந்திற் குடியேறிய போல் ஐஸ்லர் என்பார், 1936ஆம் ஆண்டளவில் இம்முறையில் ஒரு வானொலியை அமைத்தார். அச்சிட்ட சுற்றுப் பலகை என்பது இதுவே.

இப்பலகையை இன்று கணினியில் வரைகின்றனர். பிரான்சு தேசத்துக் கிரனோபிளில் ஆசிரியராயிருந்த ஜோன் பியேர் ஷராஸ் 1992இல் தொடக்கிய கீகாட் என்னும் மென்பொருள் விலையின்றிக் கிடைப்பது. கணினியொன்று வாய்க்குமாயின், பதுளை நகரத்து மாணவனும் தோட்டத்து லயத்தில் வாழும் மாணவியும் அதனை ஒருங்கே பயிலலாம். பயில்வோர் இரண்டு விடயங்களை ஐயமற அறிதல் வேண்டும்.

முதலாவது, பாட் எனப்படும் செப்புத் திட்டு. உறுப்பின் கால் ஈயத்தாற் பற்றும் இடம் இதுவாகும். வட்டம், செவ்வகம், மூலை வளைந்த செவ்வகம், சரிவகம் முதலிய வடிவங்களை மென்பொருள் தரும்; இவற்றில் அடங்காததை நாமே வரையலாம். வடிவம் வெறும் அலங்காரமன்று. முதலாம் காலின் திட்டைச் சதுரமாகவும் ஏனையவற்றை வட்டமாகவும் அமைக்கும் வழக்கம், உறுப்பைத் திருப்பிப் பொருத்தும் பிழையைத் தடுப்பதற்கே.

இரண்டாவது, செப்புப் பரப்பு. எல்லையை மட்டும் நாம் குறித்தால், மென்பொருள் அதனுள் செப்பை நிரப்பி, வேற்று இணைப்புக்குரிய கோடுகளையும் திட்டுகளையும் சுற்றி இடைவெளி விடும். பெரும்பாலும் இப்பரப்பு புவித்தொடுப்பிற்கு உரியது; மின்னோட்டம் எளிதில் திரும்பவும் இரைச்சல் குறையவும் உதவும். கோடுகளை நகர்த்தியபின் பரப்பை மீண்டும் நிரப்ப மறத்தலாகாது.

இவ்விரண்டும் சேருமிடத்திலேதான் சிக்கல் எழுகின்றது. மின்னை நன்கு கடத்தும் செம்பு வெப்பத்தையும் நன்கு கடத்தும். வெள்ளீயமும் காரீயமும் கலந்த பற்று 183 பாகை செல்சியசில் உருகும். காரீயமற்ற கலவைக்கு ஏறக்குறைய 217 பாகை வேண்டும். திட்டு நாற்புறமும் பரப்போடு ஒட்டியிருப்பின், சூட்டுக்கோலின் வெப்பம் அங்கு நில்லாது பரவிவிடும். தேயிலை மலையிற் கான் ஓரத்துக் குழியொன்றில் நீரூற்றுவதை எண்ணுக. குழியின் வாய் அகலத் திறந்திருந்தால் நீர் கானில் ஓடிவிடும். வாயை ஒடுக்கினால் குழி விரைவில் நிறையும். அவ்வாறே திட்டைச் சுற்றி இடைவெளி விட்டு, பெரும்பாலும் நான்கு சிறு செப்புப் பாலங்களால் மட்டும் அதனைப் பரப்போடு இணைப்பர்.

இதைச் செய்யாவிடின் ஈயம் திட்டோடு ஒன்றாது. பார்வைக்கு நல்லதாய்த் தோன்றும் அப்பற்று, அதிர்விலும் ஈரத்திலும் நாளடைவில் விட்டுப்போகும். கொழுந்து வாட்டும் மாடியில் ஈரப்பதம் அளக்கும் கருவியில் இது நேர்ந்தால், இரவெல்லாம் பொய்க்கணக்குக் காட்டும். பெண்கள் பகலெல்லாம் கொய்த கொழுந்து அதனாற் பாழாகலாம். ஆயினும், மிகுந்த மின்னோட்டம் செல்லும் திட்டிற்குச் சிறு பாலங்கள் போதா. அங்கு முழு இணைப்பே தகும். எங்கு எது வேண்டுமென்பதை மென்பொருள் தானே தீர்மானியாது. வரைபவரே ஆராய்ந்து தெரிதல் வேண்டும்.

பழைய மாணவர்கள் தாம் பாவித்து ஒதுக்கிய கணினிகளையும் சில சூட்டுக்கோல்களையும் கல்லூரிக்கு உதவுவார்களாயின், இக்கலை நம் மலைநாட்டில் வேரூன்றும்.