லாரிக்காரர் மாற்றிய கப்பல் வாணிகம்

பண்டத்தை ஆக்குவோனிடமிருந்து நுகர்வோன் கைக்குக் கொண்டுசேர்க்கும் நெடுவழியை வழங்கல் தொடர் என்பர். ஆலை, லாரி, கிடங்கு, கப்பல், கடை ஆகியவை அதன் கண்ணிகள். ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு முதலாளி உண்டு. தொடர் முழுவதையும் ஒன்றாக வைத்து எண்ணுவோர் அரியர்.

அவ்வாறு எண்ணியவர் அமெரிக்கரான மால்கம் மக்லீன். அவர் கப்பல் குடும்பத்தவர் அல்லர். லாரித் தொழில் நடத்தியவர். துறைமுகத்தில் மூட்டை மூட்டையாக இறக்கி, அடுக்கி, மீண்டும் தூக்குவதிலேயே பொருளும் நாளும் கரைவதைக் கண்டார். சரக்கைப் பெரும்பெட்டியிலிட்டு அனுப்புதல் அவர் கண்டுபிடிப்பன்று. முன்பே சிலர் செய்ததுதான். லாரி, கப்பல், பாரந்தூக்கி, துறை ஆகிய அனைத்தையும் அப்பெட்டிக்கேற்ப மாற்றத் துணிந்ததே அவரது புதுமை. லாரி, கப்பல் இரண்டையும் ஒருவரே நடத்த அந்நாட்டு விதி இடந்தரவில்லை. ஆகவே நன்கு நடந்துவந்த லாரி நிறுவனத்தையே கைவிட்டார்.

1956 ஏப்ரல் 26இல் ‘ஐடியல் எக்ஸ்’ கப்பல் 58 பெட்டிகளுடன் நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்குப் புறப்பட்டது. உதிரிச் சரக்கை ஏற்ற டன்னுக்கு 5 டாலர் 83 காசு ஆன அக்காலத்தில், இம்முறையில் ஆனது 16 காசுக்கும் குறைவே! பின்னர், பெட்டிகள் எங்கும் ஒரே அளவில் அமைவதற்காகத் தம் காப்புரிமைகளைப் பிறருக்கும் விட்டுக்கொடுத்தார்.

சிங்கப்பூரிலோ துணிந்தது துறைமுக ஆணையம். 1972 ஜூன் 23இல் தஞ்சோங் பகார் முனையத்திற்கு ‘நிஹோன்’ என்னும் முதற் கொள்கலன் கப்பல் வந்தது. மூட்டை சுமந்து பிழைத்தோருக்கு வேலை சுருங்கிற்று. அவருள் தமிழரும் பலர். இயந்திரம் இயக்கப் பயின்ற இளைஞன் பிழைத்துக்கொண்டான். தோள் தேய்ந்த முதியவன் எங்கே போவான்? டன்னுக்கு மிஞ்சிய காசை மட்டும் கூட்டிக் காட்டுவது அரைக் கணக்கேயாகும்.

மக்லீனுக்கும் ஒருமுறை கணக்குத் தவறியது. எண்ணெய் விலை உயர்ந்தே நிற்கும் என நம்பி, எரிபொருளை மிச்சப்படுத்தும் 12 பெருங்கப்பல்களைக் கட்டுவித்தார். அவை மெதுவாகச் செல்பவை. உலகை ஒரே திசையில் சுற்றிவருபவை. ஒரு துறையில் நேர்ந்த தாமதம் அடுத்தடுத்த துறைகளையும் தொடர்ந்தது. எண்ணெய் விலையோ வீழ்ந்தது. விரைந்து செல்லும் கப்பல்களைச் சரக்குக்காரர் நாடினர். 1986இல் அவர் நிறுவனம் நொடித்தது. அக்கப்பல்களைப் பின்னர் வாங்கி அட்லாண்டிக் வழியில் ஓட்டியது ஸீ-லேண்ட்: அவரே தொடங்கி, முன்னரே விற்றுவிட்ட நிறுவனம்.