காலேஜா, பிராஞ்சா, விசாவா?

போன ஏப்ரல் கடைசி வாரம் அக்கா போன் பண்ணினாள். "டேய், மே ஒண்ணாம் தேதிக்குள்ள ஏதாவது ஒரு காலேஜுக்குப் பணம் கட்டியாகணும். உன் மருமக ஒரு பக்கம் நிக்கிறா, அத்தான் ஒரு பக்கம் நிக்கிறாங்க. நீ வந்து பேசு."

நான் இருப்பது ஆஸ்டினில். அக்கா வீடு டாலஸுக்கு வடக்கே ஃப்ரிஸ்கோவில். சனிக்கிழமை காலையில் கிளம்பி மதியச் சாப்பாட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். சாப்பாட்டு மேசையில் ரசத்துக்குப் பக்கத்தில் மூன்று அட்மிஷன் கடிதங்களை அச்செடுத்து வைத்திருந்தார் அத்தான். பர்டூ, டெக்சாஸ் ஏ அண்ட் எம், யூ.டி. டாலஸ்.

யூ.டி. ஆஸ்டின் அந்த மேசையில் இல்லை. டெக்சாஸில் இருக்கும் நம் குடும்பங்களுக்கு இந்தக் கதை தெரியும். பள்ளி வகுப்பில் முதல் 6 சதவீதத்துக்குள் (2026 முதல் 5) வந்தால் ஆஸ்டினில் இடம் உறுதி. ஆனால் உறுதி என்பது பல்கலைக்கழகத்துக்குத்தான், இன்ஜினியரிங்குக்கு இல்லை. ஃப்ரிஸ்கோ, பிளேனோ பள்ளிகளில் அந்த 6 சதவீதத்துக்குள் வருவது எவ்வளவு பெரிய கூத்து என்பதை அங்கே பிள்ளை படிக்க வைப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். என் மருமகள் நன்றாகப் படிக்கிறவள். இருந்தும் வெளியே நின்றாள்.

அவளுக்கு வேண்டியது பர்டூ. ஏழாம் வகுப்பிலிருந்தே ராக்கெட் பைத்தியம். நிலவில் முதலில் கால் வைத்த ஆர்ம்ஸ்ட்ராங், கடைசியாக அங்கிருந்து கிளம்பிய செர்னன், இருவருமே பர்டூவில் படித்தவர்கள் என்று என்னிடம் குறைந்தது பத்து முறை சொல்லியிருக்கிறாள். அத்தானுக்கு வேண்டியது யூ.டி. டாலஸ். கம்ப்யூட்டர் சயின்ஸில் நேரடி இடம், கொஞ்சம் ஸ்காலர்ஷிப், வீட்டிலிருந்தே அரை மணி நேரத்தில் போய்வரலாம். ஏ அண்ட் எம் கடிதம் யாரும் தொடாமல் கிடந்தது.

"காலேஜ் பேர் முக்கியமா, பிராஞ்ச் முக்கியமா? நீயே சொல்லு" என்றார் அத்தான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இதே கேள்வியை 2007இல் கிண்டியில் கேட்டிருக்கிறேன்.

இப்போது எல்லாம் ஆன்லைன் ஆகிவிட்டது. அன்றைக்கு அண்ணா பல்கலைக்கழகத்துக்கு நேரில் போக வேண்டும். கோவில்பட்டியிலிருந்து இரவு பஸ், பையில் டிடி, மார்க் ஷீட், ஜாதிச் சான்றிதழ். நுழைவுத் தேர்வை எடுத்துவிட்ட முதல் வருடம் அது. 200க்கு என்ன கட்-ஆஃப் என்பது மட்டுமே பேச்சு. பெரிய திரையில் ஒவ்வொரு கல்லூரியிலும் மீதி இடங்கள் குறைந்துகொண்டே வரும். நம் முறை வந்தால் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைப்பார்கள், சில நிமிடம்தான். எங்கள் ஊர்ப் பக்கத்துக் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் இருந்தது. சென்னைப் பக்கம் பெயர் பெற்ற ஒரு கல்லூரியில் புரொடக்ஷன் இருந்தது. அப்பா காதில் சொன்னார்: "பேருதான்டா கடைசி வரைக்கும் நிக்கும்." நான் புரொடக்ஷன் எடுத்தேன்.

நான்கு வருடம் லேத் முன்னால் நின்றேன். அப்பா சொன்னதில் பாதி உண்மை. அந்தப் பெயரால்தான் கேம்பஸ் இன்டர்வியூவுக்கு ஐ.டி. கம்பெனிகள் வந்தன, வேலை கிடைத்தது. மீதிப் பாதிக்கு நான்தான் விலை கொடுத்தேன். மாஸ்டர்ஸுக்கு இங்கே வந்தபோது, டேட்டா ஸ்ட்ரக்சரில் தொடங்கி மூன்று அடிப்படைப் பாடங்களை முதலில் முடிக்கச் சொன்னார்கள். கூடுதலாக ஒரு செமஸ்டர், எல்லாமே கல்விக் கடனில்.

அதனால் பேரா பிராஞ்சா என்று கேட்டால் நான் பிராஞ்ச் என்றுதான் சொல்லியிருப்பேன். ஆனால் அன்றைக்கு அந்த மேசையில் இருந்த சிக்கல் அது இல்லை. அதை யாரும் வாய் திறந்து சொல்லவில்லை, அவ்வளவுதான்.

"இவ விசா என்ன?" என்று கேட்டேன்.

அக்கா அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

என் மருமகள் நான்கு வயதில் இங்கே வந்தவள். எச்-4. அத்தானின் கிரீன் கார்டு வரிசைத் தேதி 2016. அந்த மாதம் விசா புல்லட்டினில் இபி-2 பிரிவில் இந்தியாவுக்கு ஓடிக்கொண்டிருந்தது 2013 ஜனவரி. அவளுக்கு 2028 நவம்பரில் 21 முடிகிறது. அன்றோடு எச்-4 தீர்ந்தது. ஐ-140 நிலுவையில் இருந்த நாட்களை வயதிலிருந்து கழித்துக்கொள்ளலாம் என்று ஒரு சட்டம் இருக்கிறது. ஆனால் அத்தான் அன்று பிரீமியம் கட்டிப் பதினைந்து நாளில் அப்ரூவல் வாங்கியவர். கழிக்க என்ன இருக்கிறது?

ஒரு காகிதம் எடுத்து நான்கு வருடத்தையும் கட்டம் கட்டமாக வரைந்தேன். ஒவ்வொரு கோடை விடுமுறைக்கும் ஒரு கட்டம்.

எச்-4 பிள்ளைகள் சம்பளத்துக்கு வேலை பார்க்கக் கூடாது. மனைவிக்குக் கிடைக்கும் எச்-4 இ.ஏ.டி. பிள்ளைகளுக்குக் கிடையாது. இன்டர்ன்ஷிப் மட்டும் இல்லை, காலேஜ் நூலகத்தில் புத்தகம் அடுக்கும் வேலைகூட முடியாது. மத்திய அரசின் கல்வி உதவியும் இல்லை. இன்ஜினியரிங் படிக்கிறவர்களுக்கு மூன்றாம் வருடக் கோடைதான் உயிர்நாடி. அந்த இன்டர்ன்ஷிப்பிலிருந்துதான் பலருக்கு வேலை வருகிறது. அவளுக்கு அந்தக் கோடையில் வயது 20. எச்-4லேயே இருந்தால் மூன்று கோடையும் வீட்டில்தான். பர்டூ மாதிரி இடங்களின் பெருமையே கோ-ஆப். ஒரு செமஸ்டர் படிப்பு, ஒரு செமஸ்டர் கம்பெனி. அதுவும் இவளுக்குக் கண்ணாடிக்குள் இருக்கும் பலகாரம்.

எஃப்-1க்கு மாறினால் வழி திறக்கும். வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம் வேலை பார்க்கலாம். ஒரு முழுக் கல்வியாண்டு ஆனபின் படிப்போடு சேர்ந்த பயிற்சியாக இன்டர்ன்ஷிப் போகலாம். படித்து முடித்தபின் ஒரு வருடம், அறிவியல் தொழில்நுட்பப் படிப்பு என்பதால் மேலும் 24 மாதம், ஆக மூன்று வருடம் வேலை பார்க்கலாம். ஆனால் மாறுவதற்கு விண்ணப்பம் போட்டால் மாதக்கணக்கில் இழுக்கும். 21 நெருங்கும்போது ஓடுவதைவிட இரண்டாம் வருடம் தொடங்குவதற்குள் மாறிவிடுவது நல்லது. இதில் இன்னொரு முள்ளும் உண்டு. இங்கேயே இருந்து ஸ்டேட்டஸ் மாற்றிவிட்டு, ஆச்சியைப் பார்க்க ஊருக்குப் போனால், திரும்பி வரத் துணைத் தூதரகத்தில் எஃப்-1 முத்திரை வாங்க வேண்டும். படித்து முடித்து ஊர் திரும்புவேன் என்று அந்த அதிகாரியை நம்ப வைக்க வேண்டும். அப்பாவோ கிரீன் கார்டு வரிசையில் நிற்கிறார்.

"அப்போ இன்-ஸ்டேட் ஃபீஸ் போயிருமே" என்றார் அத்தான். நியாயமான பயம். டெக்சாஸில் எச்-4 குடும்பம் உள்மாநிலக் கட்டணத்துக்குத் தகுதி பெறலாம். எஃப்-1 அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் இங்கே பட்டப்படிப்புக்கு முன்னால் தொடர்ந்து மூன்று வருடம் வசித்து, இங்குள்ள உயர்நிலைப் பள்ளியில் முடித்த பிள்ளைகளுக்குத் தனி வழி ஒன்று இருக்கிறது. இதை நான் சொன்னால் போதாது. திங்கட்கிழமை அக்கா இரண்டு பல்கலைக்கழகங்களின் ரெசிடென்சி அலுவலகத்துக்கும் மின்னஞ்சல் போட்டு, அந்த வழி இவளுக்குப் பொருந்தும் என்று எழுத்தில் பதில் வாங்கினாள். வேறு மாநிலத்தில் இருப்பவர்கள் இதைப் பார்த்துத் துணிந்துவிடாதீர்கள், மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறு. எழுத்தில் வாங்குங்கள். வாட்ஸ்அப் குரூப்பில் வருவது எழுத்து ஆகாது.

அதுவரை பேசாமல் இருந்தவள் அப்போதுதான் கேட்டாள். "மாமா, அப்போ எஃப்-1 வாங்கிட்டா நான் ராக்கெட் கம்பெனிக்கு இன்டர்ன்ஷிப் போலாம்ல?"

இந்தக் கேள்வி வரும் என்று ஆஸ்டினிலிருந்து வரும் வழியெல்லாம் நினைத்துக்கொண்டே வந்தேன். ராக்கெட், ஏவுகணை சார்ந்த தொழில்நுட்பத்துக்கு இந்த நாட்டில் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருக்கிறது. அதற்குள் வரும் வேலைகளுக்குக் குடியுரிமையோ கிரீன் கார்டோ கேட்பார்கள். எஃப்-1 போதாது. ராக்கெட் கம்பெனிகளில் பெரும்பாலான இன்ஜினியரிங் வேலை அதற்குள்தான் வரும்.

அவள் ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து மாடிக்குப் போனாள். அக்கா என்னை முறைத்தாள். இதை இன்னும் பக்குவமாகச் சொல்லியிருக்கலாம். பதினேழு வயது, பதின்மூன்று வருடமாக இந்த ஊர், தினமும் பள்ளியில் கொடிக்கு வணக்கம் சொன்ன பிள்ளை.

அன்று சாயங்காலம் அவளே கீழே வந்து அந்தக் காகிதத்தை எடுத்தாள். கட்டங்களுக்குக் கீழே பணக் கணக்கு போட்டாள். பர்டூவில் வெளிமாநிலத்தவருக்குக் கல்விக் கட்டணமே வருடம் 28,000 டாலருக்கு மேல். தங்குவது, சாப்பாடு சேர்த்தால் 40,000ஐத் தாண்டும். ஏ அண்ட் எம் எல்லாம் சேர்த்து 30,000ஐ ஒட்டி. யூ.டி. டாலஸ் வீட்டிலிருந்து போனால் அதில் பாதிக்கும் கீழே. பர்டூவை அவளேதான் அடித்தாள். நாங்கள் யாரும் சொல்லவில்லை.

பிறகுதான் ஏ அண்ட் எம் கடிதத்தை மூவருமாகச் சரியாகப் படித்தோம். அங்கே முதல் வருடம் எல்லோரும் பொது இன்ஜினியரிங். முதல் வருடத்தின் முடிவில் பிராஞ்சுகளை விருப்ப வரிசைப்படி எழுதிக் கொடுக்க வேண்டும். ஜிபிஏ 3.75 இருந்தால் முதல் விருப்பம் தானாகக் கிடைக்கும். இல்லையென்றால் மதிப்பெண், கட்டுரை எல்லாம் பார்த்து, மீதி இடத்தைப் பொறுத்துக் கொடுப்பார்கள். அத்தானுக்கு இது கொஞ்சமும் பிடிக்கவில்லை. "கையில இருக்கிற கம்ப்யூட்டர் சயின்ஸை விட்டுட்டு, அங்க போய் 3.7 வாங்கி எதுவும் கிடைக்காம நின்னா?" அவர் பயத்திலும் தப்பில்லை. கால்குலஸ், பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி மூன்றும் ஒரே வருடத்தில் போட்டுத் தாளிப்பார்கள். பள்ளியில் ஏ மட்டுமே பார்த்த பிள்ளைகள் அங்கே சி பார்த்து அழுவதைக் கேள்விப்பட்டிருக்கிறேன். நீங்கள் எந்தப் பல்கலைக்கழகத்தைப் பார்த்தாலும் இதை மட்டும் கேட்டுவிடுங்கள்: இடம் பிராஞ்சுக்கா, வெறும் கல்லூரிக்கா? தரவரிசைப் பட்டியலில் இது இருக்காது.

என் கருத்தைக் கேட்டார்கள். யூ.டி. டாலஸிலேயே மெக்கானிக்கல் கிடைக்குமா என்று கேட்டுப் பார்க்கச் சொன்னேன். மெக்கானிக்கல் படித்தவர்களுக்குக் கார், ஏசி, சிப் தொழிற்சாலை என்று குடியுரிமை கேட்காத வேலைகள் நிறைய. மூன்று இடத்திலும் மெக்கானிக்கலுக்கு ஏபெட் அங்கீகாரம் இருக்கிறது. எனக்கு அது போதும். பணமும் மிச்சம், பிராஞ்சும் உறுதி.

அவள் கேட்கவில்லை. "மாமா, அப்பாவுக்குக் கிரீன் கார்டு எப்ப வரும்னு தெரியாது. வந்தா ஏரோஸ்பேஸ் படிச்சிருக்கலாமேன்னு தோணும். வரலைன்னா மெக்கானிக்கல். ஏ அண்ட் எம்ல ஒரு வருஷம் கழிச்சு முடிவு பண்ணலாம். 3.75 என் பிரச்சினை."

யூ.டி. டாலஸில் ஏரோஸ்பேஸ் பட்டம் கிடையாது என்பது எனக்குத் தோன்றவே இல்லை. ஏப்ரல் 30 இரவு பத்தரைக்கு அத்தான் தன் கார்டிலேயே ஏ அண்ட் எம்முக்குப் பணம் கட்டினார். அன்றைக்கு அவர் யாரிடமும் பேசவில்லை.

ஆகஸ்டில் காலேஜ் ஸ்டேஷனில் கொண்டுபோய் விட்டோம். மறு வாரமே வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் எஃப்-1க்கு என்னென்ன வேண்டும் என்று கேட்டு வந்துவிட்டாள். அக்டோபரில் ஒரு நாள் ராத்திரி போன். முதல் பிசிக்ஸ் தேர்வில் 71. அழவில்லை, ஆனால் குரல் சரியில்லை. 3.75 வேண்டுமென்றால் மீதித் தேர்வுகளில் எவ்வளவு எடுக்க வேண்டும் என்று ஒரு ஸ்ப்ரெட்ஷீட் போட்டிருக்கிறாளாம், பார்க்கச் சொன்னாள். முதல் வரியில் ஏரோஸ்பேஸ், இரண்டாவதில் மெக்கானிக்கல். ஒரு கட்டத்தில் ஃபார்முலா தப்பாக இருந்தது. திருத்தி அனுப்பினேன்.