கணினி துயிலெழும் முறை

மின்விசை பெறாத கணினி வெறும் பொறியே. அதன் முதன்மை நினைவகம், மின்விசை நின்றவுடன் தன்பாலுள்ள அனைத்தையும் இழந்துவிடும் இயல்பினது. ஆதலின், ஒவ்வொரு முறையும் கணினி ஒன்றுமறியா நிலையிலிருந்தே எழவேண்டியுள்ளது. வன்தட்டிலுள்ள நிரல்களை எடுத்து நினைவகத்தில் இடுவதற்கும் ஒரு நிரல் வேண்டும். அந்நிரலை இடுவது யாது? இவ்வினாவுக்கு விடையாக அமைந்ததே தொடக்க ஏற்றி என்னும் சிறு நிரலாகும். சப்பாத்தின் வாரைப் பிடித்துத் தன்னைத் தானே மேலே தூக்குதல் என்னும் ஆங்கில வழக்கிலிருந்து இச்செயலுக்குப் ‘பூட்’ என்னும் பெயர் வந்தது.

தொடக்க ஏற்றி எழுப்பும் தலைமை நிரல் கேர்ணல் எனப்படும். நினைவகத்தைப் பங்கிடுதல், நிரல்களுக்கு முறை வகுத்தல், வன்தட்டு முதலிய உறுப்புக்களை ஆளுதல் ஆகியன அதன் தொழில்கள். வித்தின் உட்பருப்பையே அவ்வாங்கிலச் சொல் குறிக்கும். பயனரின் கட்டளைகளை ஏற்றுப் புறத்தே நிற்கும் நிரலுக்கு ‘ஷெல்’, அஃதாவது ஓடு, எனப் பெயரிட்டமையும் இவ்வுவமையின் பாற்பட்டதே. ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் தோர்வால்ட்ஸ் 1991ஆம் ஆண்டு வெளியிட்ட லினக்ஸ் கேர்ணல், டெபியன், உபுண்டு முதலிய பணிசெயல் முறைமைகளுக்கு அடிப்படையாய் விளங்குகின்றது.

எழுச்சியின் படிகள்

மின்விசை பெற்றதும் முதலில் இயங்குவது தாய்ப்பலகையில் நிலையாகப் பதிக்கப்பட்ட நிரலாகும். பயோஸ் எனப்படும் பழைய அமைப்பில், அது வன்தட்டின் முதற் பகுதியாகிய 512 பைற்றுக்களை மட்டுமே படிக்கும். அவற்றுள் 64 பைற்றுக்கள் தட்டின் பிரிவுகளைக் குறிக்கும் அட்டவணைக்கும், 2 பைற்றுக்கள் அடையாளத்துக்கும் உரியன. எஞ்சிய 446 பைற்றுக்களுள் ஏற்றி முழுவதும் அடங்காது. எனவே, அங்கு நிற்கும் சிறு துண்டு வேறிடத்துள்ள பெரும் பகுதியை அழைக்கும். யூ.ஈ.எவ்.ஐ. எனப்படும் புதிய அமைப்போ, தனக்கென ஒதுக்கப்பட்ட தட்டுப் பிரிவிலிருந்து ஏற்றியை ஒரு கோப்பாகவே படிக்கவல்லது.

முன்னர்ப் பெரிதும் வழங்கிய லிலோ என்னும் ஏற்றி, கோப்பின் பெயரை அறியாது. கேர்ணல் தட்டில் எவ்வெவ்விடங்களிற் கிடக்கின்றது என்பதையே குறித்துவைத்துக்கொள்ளும். ஆகவே, கேர்ணலை மாற்றியவர் லிலோவை மீண்டும் இயக்க மறந்தாராயின், மறுநாட் கணினி எழாது. அதன் வளர்ச்சிப்பணி 2015ஆம் ஆண்டுடன் நின்றது. இன்று பரவலாக வழங்கும் கிரப் என்னும் ஏற்றி, தட்டிலுள்ள கோப்பு அமைப்பைத் தானே படித்துக் கேர்ணலைப் பெயரால் தேடவல்லது.

கோப்புக்களும் அவற்றின் பயனும்

‘பூட்’ என்னும் கோப்புறையில் ஒவ்வொரு கேர்ணலுக்கும் உரிய கோப்புக்கள் பதிப்பெண்ணுடன் காணப்படும். அவற்றுள் இரண்டு இன்றியமையாதன. ஒன்று, சுருக்கிவைக்கப்பட்ட கேர்ணல். மற்றையது, தொடக்கத்துக்குரிய சிறு கோப்பமைப்பு. இதன் தேவை நுனித்துணரற்பாலது. தட்டைப் படிக்கும் செயலி அத்தட்டிலேயே இருப்பின், பெட்டியின் திறவுகோலைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டியதை ஒக்கும். ஆதலின், வேண்டிய செயலிகளை இச்சிறு தொகுதியில் அடக்கி, கேர்ணலுடன் சேர்த்து நினைவகத்தில் ஏற்றுவது கிரப்பின் வேலையாகும்.

புதிய கேர்ணல் வரும்போது பழையது உடனே நீக்கப்படுவதில்லை. புதியது இயங்காவிடின் பழையதால் எழலாம் என்பதே காரணம். ஆயினும், ‘பூட்’ சில நூறு மெகாபைற்று அளவுடைய தனிப்பிரிவாக அமைந்த கணினிகளில், பழையன பெருகி இடம் நிரம்பிவிடும். அந்நிலையிற் புதிய தொடக்கத் தொகுதி முற்றாக எழுதப்படாது. குறைபட்ட அக்கோப்பால் எழ முயலும் கணினி இடைவழியில் நின்றுவிடும்.

களைதலும் காத்தலும்

இடமில்லையெனக் கண்டு கோப்புக்களைக் கையால் அழித்தல் தகாது. அவ்வாறு அழிப்பின், பொதிகளைக் கணக்கிடும் நிரல் அவை உளவென்றே கருதும். கிரப்பின் பட்டியலும் இல்லாத கோப்பைச் சுட்டி நிற்கும். இயங்கிக்கொண்டிருக்கும் கேர்ணலின் பதிப்பெண்ணை முதலில் அறிந்து, அதனையும் நன்கு இயங்கிய வேறொன்றையும் விடுத்து, ஏனையவற்றைப் பொதிமேலாண்மை நிரல் வாயிலாகவே நீக்குதல் வேண்டும். கிரப்பின் அமைப்புக் கோப்பையும் நேரே திருத்துதல் பயனற்றது. அடுத்த புதுப்பித்தலின்போது அது மீள எழுதப்படும். விருப்பங்களை அதற்குரிய தனிக் கோப்பிற் குறித்து, பின்னர்ப் புதுப்பிக்கும் கட்டளையை இடுவதே முறை.

இவ்வளவு காத்தும் கணினி எழாவிடின் யாது செய்வது? இங்கேயே பெரும் இழப்புக்கள் நிகழ்கின்றன. கருந்திரையைக் கண்டு அஞ்சி, யாவும் அழிந்தனவென எண்ணித் தட்டைத் துடைத்துப் புதிதாக நிறுவுவோர் பலர். ஏற்றி பழுதாதல் வேறு. ஆவணங்கள் அழிதல் வேறு. வாயிற்கதவு திறவாமையால் வீட்டினுள்ளிருக்கும் பொருள் கெட்டுவிடுவதில்லை. கெடுப்பது அவசரமாகத் தட்டைத் துடைக்கும் கையே. இதுபோன்றே, விண்டோஸ் பட்டியலிற் காணப்படாமையும் அஃது அழிந்தமைக்குச் சான்றாகாது. 2021ஆம் ஆண்டு வெளிவந்த கிரப் 2.06 முதல், பிற முறைமைகளைத் தேடும் செயல் இயல்பாக நிறுத்திவைக்கப்பட்டுள்ளது. அதனை மீள இயக்கிப் பட்டியலைப் புதுப்பித்தல் கூடும்.

எழாத கணினியில் முதற்கண் கிரப்பின் பட்டியலிலிருந்து பழைய கேர்ணலைத் தெரிவுசெய்து பார்த்தல் வேண்டும். அதுவும் பயன்தராவிடின், யூ.எஸ்.பி. நினைவியிலிருந்து வேறொரு லினக்ஸை இயக்கி, ஆவணங்களைப் பிறிதோரிடத்திற் படியெடுத்த பின்னரே, ஏற்றியை மீள நிறுவ முற்படல் வேண்டும். இவ்வரிசை மாறலாகாது. ஏற்றியை எத்தனை முறையும் மீள நிறுவலாம். ஒருவர் ஆண்டுக்கணக்கில் எழுதிச் சேர்த்த குறிப்புக்களை, படி இல்லாதவிடத்து, மீளப் பெறுதல் அரிது.