மஞ்சள் தடவினால் போதுமா?

ஞாயிறு காலை. ஏற்காடு அடிவாரத்துக் கறிக்கடைகளில் கூண்டிலிருந்து எடுத்த கோழி, தோல் உரிந்து, கட்டையில் துண்டாகிப் பத்து நிமிடத்தில் பைக்குள் வந்துவிடுகிறது. கண்ணெதிரே வெட்டியதாயிற்றே என்று நமக்கொரு நிம்மதி. ஆனால் சால்மோனெல்லாவும் கேம்பைலோபாக்டரும் கோழியின் குடலிலேயே குடியிருக்கும் கிருமிகள். பல சமயம் கோழிக்கு அவற்றால் ஒரு நோயும் தெரியாது. குடலை எடுக்கும்போது லேசாகக் கிழிந்தாலே கறியில் ஒட்டிக்கொள்ளும். பிறகு அதே கத்தி, அதே கட்டை, அடுத்த கோழி.

பெரிய ஆலைகளில் இதற்காகவே கோழிக்கு ஒரு கடைசிக் குளியல் உண்டு. அமெரிக்காவில் முன்பு குளோரின் கலந்த குளிர்நீர். இப்போது பெரும்பாலும் பெர்அசிட்டிக் அமிலம். வினிகரில் இருக்கும் அமிலமும் ஹைட்ரஜன் பெராக்சைடும் சேர்ந்து பிறப்பது. கிருமியைச் சிதைத்துவிட்டு, தானும் அசிட்டிக் அமிலம், ஆக்சிஜன், தண்ணீர் என்று பிரிந்துபோகும். கிருமிகள் குறையும், ஒழியாது. இறகு பிடுங்கிய குழிகளுக்குள் பதுங்கியவை தப்பிவிடும்.

இப்படிக் குளித்த கோழியை ஐரோப்பிய ஒன்றியம் 1997 முதல் உள்ளே விடுவதில்லை. ரசாயனம் விஷம் என்பதல்ல ஐரோப்பாவின் முதன்மை வாதம். கடைசியில் கழுவிக்கொள்ளலாம் என்றிருந்தால் பண்ணையிலும் அறுக்கும் இடத்திலும் சுத்தம் தளர்ந்துவிடும் என்பதுதான். எனக்கும் அது நியாயமாகப் படுகிறது.

நம் தெருக்கடைக் கறிக்கு அந்தக் குளியலும் கிடையாது. வீட்டில் மஞ்சளும் உப்பும் போட்டுப் பிசைந்தால் கவிச்சி போகும். அந்த ஐந்து நிமிடத்தில் கிருமி செத்துவிடாது. குழாயைத் திறந்துவிட்டு அலசுவது அதைவிட மோசம். தெறிக்கும் நீரோடு கிருமி பக்கத்தில் இருக்கும் தக்காளிக்கும் தட்டுக்கும் போகிறது. அலசித்தான் ஆகவேண்டுமென்றால் பாத்திரத்துக்குள் மெதுவாக அலசி, தொட்டியையும் கையையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

கிருமியைக் கொல்வது அடுப்புதான். கறியின் நடுப்பகுதி 74 டிகிரி செல்சியஸைத் தொட வேண்டும். குழம்பில் அது தானாக நடந்துவிடும். ஆபத்து, வெளியே சிவந்து உள்ளே வேகாத கறியில். 2023 செப்டம்பரில் நாமக்கல்லில் உணவகமொன்றில் ஷவர்மா சாப்பிட்ட 14 வயதுச் சிறுமி இறந்தார்; அங்கே சாப்பிட்ட மேலும் பலர் சிகிச்சை பெற்றனர்.

அடிவாரத்தில் கறி வாங்கி, 20 கொண்டை ஊசி வளைவு ஏறி மேலே சமைப்பவர்கள் அதை ஐஸ் பெட்டியில் கொண்டுபோவது நல்லது. ஏற்காட்டு உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். கிருமி சாக அது தாராளம். கறி மெத்தென்று வேக மட்டும் கொஞ்சம் கூடுதல் நேரம் பிடிக்கும்.