தோட்டம் என்றாலே கள்ளுக்கடைதானா?

ஆவணப்படம் பற்றிப் பேசச் சொன்னீர்கள். முதலில் நான் செய்த தவற்றைச் சொல்லிவிடுகிறேன்.

பொதுத் தொடர்புத் துறையில் டிப்ளோமா படித்தபோது, இறுதியாண்டுக்கு ஓர் ஆவணப்படம் எடுத்தேன். இடம், சுங்கை சிப்புட் பக்கம் என் பாட்டி பால் மரம் வெட்டிய தோட்டம். முதல் காட்சி என்ன தெரியுமா? கள்ளுக்கடை. அடுத்து இடிந்த லயன் வீடுகள், பின்னணியில் சோகப் புல்லாங்குழல். நல்ல மதிப்பெண் கிடைத்தது. வீட்டில் போட்டுக் காட்டினேன். பாட்டி கடைசி வரை பார்த்துவிட்டு, "முப்பது வருசம் மரம் வெட்டுனேனே, அது எங்கம்மா?" என்றார். என்னிடம் பதில் இல்லை.

பேராக் தோட்டத்துத் தமிழர் என்றால் வெளியாருக்குக் கள், கடன், குண்டர் கும்பல், அவ்வளவுதான். ஈப்போ புந்தோங் என்றாலும் இதே பேச்சு. அங்கே கச்சாங் பூத்தே வறுத்து விற்றே பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்களை யாரும் நினைப்பதில்லை. வெளியாரை மட்டும் சொல்வானேன்? என் கேமராவும் அதையேதான் செய்தது.

கள்ளை மறைக்கச் சொல்லவில்லை. தோட்ட நிர்வாகமே கள்ளுக்கடை நடத்திய காலம் உண்டு. கடையைக் காட்டும்போது, அதை வைத்தது யார், லாபம் எங்கே போனது என்றும் கேளுங்கள். அப்போது படம் வேறாகிவிடும்.

மரம் வெட்டுவது சாதாரண வேலையா? வெயில் ஏறினால் பால் சுரப்பு குறையும் என்பதால் விடியுமுன்பே காட்டுக்குள் போக வேண்டும். சரிவாக, மெல்லிய சீவலாகப் பட்டையை எடுக்க வேண்டும். உளி கொஞ்சம் ஆழமாகப் போனாலும் மரம் காயம்பட்டுப் புடைத்துவிடும். பிறகு அந்த இடத்தில் ஒழுங்காக வெட்ட முடியாது. நெற்றி விளக்கு வெளிச்சத்தில், நூற்றுக்கணக்கான மரங்களில், தினமும் இதைச் செய்தார்கள். கைத்தொழில் வல்லுநர் என்று நாம் யாரையெல்லாமோ சொல்கிறோம்!

இடிந்த லயத்துக்கும் காரணம் உண்டு. வேலை இருந்தால்தான் வீடு. 1950, 60களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்க, வாங்கியவர்கள் துண்டு போட்டு விற்றார்கள். வேலையோடு வீடும் போயிற்று. அதைத் தடுக்கத்தான் சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பாட்டாளிகள் பத்துப் பத்து வெள்ளியாகப் பங்குப் பணம் கட்டித் தோட்டங்களை வாங்கினார்கள். இந்தக் கதையை எத்தனை மாணவர் படத்தில் பார்த்திருக்கிறீர்கள்?

பின்னர் கித்தா போய்ச் செம்பனையும் வீடமைப்பும் வந்தன. குடும்பங்கள் புறம்போக்குக்கும் மலிவு விலை வீடுகளுக்கும் போயின. 'குண்டர்' கதை அங்கேதான் சூடு பிடிக்கிறது. சஞ்சய் குமார் பெருமாள் 2015இல் தந்த 'ஜகாட்' படத்தைப் பாருங்கள். கெட்டவன் என்பதற்கு நாம் மலாயிலிருந்து எடுத்துக்கொண்ட சொல்தான் தலைப்பு. தோட்டம் விட்டு வந்த குடும்பத்தில் சூட்டிகையான பையன் அப்போய் எப்படித் தடம் மாறுகிறான் என்பதைப் பொறுமையாகச் சொல்கிறது. 2016இல் மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படமாகத் தேர்வு பெற்றது. அது கதைப் படம்தான். ஆனாலும் 'ஏன்' என்று கேட்ட விதத்தில் ஆவணப்பட மாணவருக்கு நல்ல பாடம்.

நானும் மறுபடி கேமராவோடு போனேன். ஆற்றோரம் நாலைந்து கித்தா மரங்கள் மிஞ்சியிருந்தன. பாட்டி தலைத்துணி கட்டி, பழைய உளியைத் தீட்டி, ஒரு மரத்தை வெட்டிக் காட்டினார். கண் என் மேல்தான் இருந்தது. கை தானாகப் போயிற்று. அந்த நாலு நிமிடத்தை இப்போது போடுகிறேன். புல்லாங்குழல் கிடையாது, உளிச் சத்தம் மட்டும்தான்.