உச்சி வரைக்கும் போறது பாதி வேலைதான்

காலையில கும்மிடிப்பூண்டி சிப்காட் பஸ்ல போறவங்க, வானம் தெளிவா இருக்கும்போது மேற்கே ஒரு நீல மலைக்கோடு பார்த்திருப்பீங்க. அதுல உயரமான இடம் கம்பாக்கம் மலை, ஏறக்குறைய 2,500 அடி. அந்த சத்தியவேடு பகுதி ஒரு காலத்துல நம்ம செங்கல்பட்டு மாவட்டம்தான். 1960 ஏப்ரல் 1-ல திருத்தணி இந்தப் பக்கம் வந்தப்போ, அது ஆந்திராவுக்குப் போச்சு. தடா அருவின்னு நாம சொல்ற உப்பலமடுகு இந்த மலைத்தொடர்லதான் இருக்கு.

போன டிசம்பர்ல நாங்க நாலு பேர் அனுமதி வாங்கி, ஊர்க்கார அண்ணா ஒருத்தரோட இந்த உச்சிக்குக் கிளம்பினோம். போக வர 14 கிலோமீட்டர், ஏற்றம் 700 மீட்டர். எஞ்சினியர் இல்லையா, கணக்குப் போட்டேன்.

அந்தக் கணக்குக்கு நெய்ஸ்மித் விதின்னு பேரு. ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892-ல சொன்னது: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோட ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலா ஒரு மணி நேரம். அதன்படி எங்களுக்கு 4 மணி நேரம் போதும். காலை 7 மணிக்குக் கிளம்பினா மதியச் சாப்பாடு கீழே வந்துதான்!

தப்பு எங்கேன்னா, அது குளிர்ந்த ஊர்ல, நல்ல பாதையில நடக்கிறவங்களுக்கான கணக்கு. யூடியூப்ல பார்க்கிற லார்ச் மரக் காடு மாதிரி இல்ல இது. லார்ச் குளிர்காலத்துல இலை உதிர்க்கும். நம்ம வறண்ட காடு கோடையில உதிர்க்கும். அதாவது நிழல் ரொம்பத் தேவைப்படும்போது நிழலே இருக்காது. பாதைன்னு பார்த்தா ஓடைப் பாறைகளும் முள்ளுப் புதரும்தான். மணிக்கு ஒரு கிலோமீட்டர் தாண்டினா பெரிய விஷயம்.

"பன்னெண்டு மணிக்கு எங்க இருந்தாலும் திரும்பிடணும் தம்பி"ன்னு அண்ணா கிளம்பும்போதே சொன்னார். பன்னெண்டு மணிக்கு உச்சி கண்ணுக்குத் தெரிஞ்சுது. "இன்னும் கொஞ்சம்தான் அண்ணா"ன்னு கெஞ்சி 12.40 வரைக்கும் ஏறினோம். அங்கே நண்பன் ஒருத்தனுக்குத் தொடை பிடிச்சுக்கிச்சு. தண்ணி ஆளுக்கு அரை லிட்டர்தான் மிச்சம். திரும்பிட்டோம். பாறையில இறங்கறது ஏறுறதை விட மெதுவா போச்சு. டிசம்பர்ல 5.45-க்கே சூரியன் மறையும், பள்ளத்தாக்குல அதுக்கும் முன்னாடியே இருட்டிடும். கடைசி ஒரு மணி நேரம் போன் டார்ச்லதான் நடந்தோம். அந்த 40 நிமிஷத்துக்கு நாங்க கொடுத்த விலை அது.

அதனால, திரும்பும் நேரத்தை வீட்லயே முடிவு பண்ணுங்க. இருட்டறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி கீழே இருக்கணும். இருக்கிற நேரத்துல பாதி முடிஞ்சதும் திரும்பணும். உச்சி தெரியுதுங்கிறது கணக்குலயே வரக்கூடாது. நெய்ஸ்மித் விடையை இங்கே இரண்டரை மடங்காக்குங்க. தண்ணி ஆளுக்கு 4 லிட்டர், ஓஆர்எஸ் பாக்கெட், ஹெட்லேம்ப் கட்டாயம்.

இன்னொண்ணு, பிப்ரவரிக்கு அப்புறம் போகாதீங்க. 2018 மார்ச் 11-ல தேனி குரங்கணியில காய்ஞ்ச புல்லுல பரவின தீ, மலையேறப் போன 20 பேருக்கு மேல பலி வாங்கிடுச்சு. சரிவுல தீ மேல்நோக்கித்தான் வேகமா ஓடும், ஏன்னா அதோட வெப்பம் மேலே இருக்கிற புல்லை முன்கூட்டியே காய வெச்சிடும். மேலே ஓடித் தப்பிக்க முடியாது. இது செம்மரக் காடும்கூட, வனத்துறை அனுமதி இல்லாம உள்ளே கால் வைக்காதீங்க.

உச்சியை நான் இன்னும் தொடல. இந்த டிசம்பர்ல மறுபடியும் போறோம், காலை 5.30-க்கே கிளம்பி. திரும்பும் நேரம் பகல் 11. நண்பன் போன்ல அலாரம் வெச்சிருக்கான். என் போன்ல வைக்க வேண்டாம்னு சொல்லிட்டான்.